பிரச்சினை ஓய்ந்துவிட்டது, உடம்பு இன்னும் ஓயவில்லை: மூச்சுப் பயிற்சி எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இதுதான். இரண்டு வருடத்துக்கு மேல் வேலையில் நெருக்கடி, அதே சமயம் வீட்டில் நீண்ட நாள் நோயாளி ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. இப்போது இரண்டுமே ஓரளவு ஓய்ந்துவிட்டன. ஆனாலும் அதிகாலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டுகிறது, தாடை இறுகியே கிடக்கிறது, போன் அடித்தாலே நெஞ்சு திக்கென்கிறது. எல்லோரும் சொல்கிறார்களே என்று ஆழமாக மூச்சை இழுத்து விட்டுப் பார்த்திருக்கிறார், தலை சுற்றிப் பயம்தான் கூடியிருக்கிறது. மூச்சால் இது சரியாகுமா, எனக்கு மட்டும் ஏன் ஒத்துவரவில்லை, எத்தனை நாள் ஆகும் என்பது கேள்வி.

சரியாகும். ஆனால் இப்போது செய்கிற மாதிரி செய்தால் ஆகாது, மூச்சை மட்டும் நம்பியும் ஆகாது. நான் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவன், டாக்டர் இல்லை. அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் படபடப்பு, தூக்கக் குலைவு, களைப்பு எல்லாவற்றையும் தைராய்டு அதிகமாகச் சுரப்பதும், ரத்தசோகையும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறும் கொடுக்கக்கூடும். ஒரு முறை டாக்டரைப் பார்த்து, ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், அதற்குப் பிறகு "எல்லாம் டென்ஷன்தான்" என்று முடிவு கட்டலாம். நெஞ்சு வலி, மயங்கி விழுதல், உயிரோடு இருந்து என்ன பயன் என்கிற நினைப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மீதியைப் படிப்பதை விட்டுவிட்டு இன்றைக்கே உதவி தேடுங்கள்.

சரி, தலைசுற்றலுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. ஆழமாக இழுத்தால் ஆக்சிஜன் நிறையக் கிடைக்கும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். நுரையீரல் நன்றாக உள்ள ஒருவரின் ரத்தம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 95 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனால் நிரம்பித்தான் இருக்கிறது, அதற்கு மேல் ஏற்ற பெரிதாக இடமில்லை. பெரிது பெரிதாக மூச்சு விடும்போது மாறுவது கார்பன் டை ஆக்சைடு. அது மளமளவென்று வெளியே போய்விடுகிறது. ரத்தத்தில் அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, தலை கிறுகிறுக்கிறது, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போன மாதிரி இருக்கிறது. இன்னொரு பக்கம், கார்பன் டை ஆக்சைடு குறைந்த ரத்தத்தில் ஹீமோகுளோபின் தான் சுமந்து வந்த ஆக்சிஜனைத் திசுக்களுக்கு எளிதில் கொடுக்காமல் பிடித்துக்கொள்கிறது. கிறிஸ்டியன் போர் என்ற டென்மார்க் விஞ்ஞானி 1904-லேயே இதைக் காட்டிவிட்டார். விளைவு என்னவென்றால், மூச்சு போதவில்லை என்று தோன்றுகிறது, உடனே இன்னும் பெரிதாக இழுக்கிறோம், இன்னும் கிறுகிறுக்கிறது, அதைப் பார்த்து இதயம் அடித்துக்கொள்கிறது.

நாள்பட்ட அழுத்தத்தில் இருப்பவர்கள் பலர் ஏற்கெனவே தேவைக்கு மேல்தான் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள், மேல் நெஞ்சால், வாய் வழியாக, அடிக்கடி பெருமூச்சோடு. அவர்களிடம் போய் "நல்லா ஆழமா இழுங்க" என்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத அறிவுரை. திடீர் பீதிக்கு இருக்கும் சிகிச்சைகளில் ஒன்றே நேரெதிர் வழியில் போகிறது. வெளிமூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை ஒரு சின்னக் கருவியில் பார்த்துக்கொண்டே, மூச்சைக் குறைத்து விடப் பழக்குகிறார்கள். ஆக, உங்களுக்கு ஒத்துவராமல் போனது உங்கள் உடம்பின் கோளாறே இல்லை, யாருக்குச் செய்தாலும் அப்படித்தான் ஆகும்.

அப்படியானால் எப்படி விடுவது? மூக்கு வழியாக, சின்னதாக, சத்தமில்லாமல், உள்ளே போவதைவிட வெளியே வருவது நீளமாக. வெளிமூச்சுக்கு ஏன் இந்த மரியாதை என்று தெரிய வேண்டுமானால் மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு நிதானமாக நாலைந்து தடவை மூச்சு விட்டுப் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகமெடுக்கும், வெளியே விடும்போது தளரும். ஜெர்மனியின் கார்ல் லுட்விக் 1847-இல் பதிவு செய்த விஷயம் இது. மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியாக இறங்கி இதயம், நுரையீரல், குடல் என்று கிளைவிடும் வேகஸ் நரம்புதான் இதற்குக் காரணம். வெளிமூச்சின்போது அந்த நரம்பின் பிடி கூடுகிறது, இதயம் மெதுவாகிறது. வேகஸ் இதயத்தை ஒரு வேதிப்பொருளை வைத்துத்தான் தணிக்கிறது என்பதை ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி 1921-இல் இரண்டு தவளை இதயங்களைக் கொண்டு நிரூபித்தார். ஒன்றின் வேகஸைத் தூண்டி, அது மிதந்த திரவத்தை எடுத்து இன்னொன்றில் விட, அந்த இரண்டாவது இதயமும் மெதுவானது. பின்னால் அசிட்டைல்கோலின் என்று அடையாளம் காணப்பட்டது அந்தப் பொருள்தான், 1936-இல் ஹென்றி டேலோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசும் வந்தது. உடம்பில் தானாக நடக்கும் வேலைகளில் நம் இஷ்டப்படியும் நடத்தக்கூடியது மூச்சு. இதயத்தைப் பார்த்து மெதுவாக அடி என்று சொல்ல முடியாது, வெளிமூச்சை நீட்டினால் அதுவே கேட்டுக்கொள்கிறது.

எண்ணிக்கைக்கு வந்தால், சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறோம். ஆறு என்ற எண்ணை நோக்கி இறக்கும்போது ஒரு விசேஷம் நடக்கிறது. கழுத்து ரத்தக்குழாயிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியிலும் ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கும் உணர்விகள் இருக்கின்றன. அழுத்தம் கூடினால் இதயத்தை மெதுவாக்கி, குறைந்தால் வேகமாக்கிச் சமன் செய்யும் அந்தச் சுற்றுக்கு ஏறத்தாழ பத்து விநாடி தாளம் உண்டு. மூச்சும் பத்து விநாடிக்கு ஒன்று என்று வந்தால் இரண்டும் ஒத்துப்போகின்றன, நாடியின் ஏற்ற இறக்கம் நன்றாக விரிகிறது. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டியின் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், லத்தீன் ஜெபமாலை சொல்பவர்களுக்கும் ஒரு யோக மந்திரம் சொல்பவர்களுக்கும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறுக்குப் பக்கத்தில் வந்து நின்றதைக் கண்டார்கள். யாரும் அவர்களை எண்ணச் சொல்லவில்லை. ஆறு என்பதும் கல்லில் பொறித்த எண் இல்லை, ஆளுக்கு ஆள் நாலரைக்கும் ஏழுக்கும் நடுவில் எங்காவது இருக்கும்.

ஆனால் நீங்கள் நாளைக்கே ஆறில் தொடங்கக் கூடாது. ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்து இப்போது எத்தனை என்று எண்ணுங்கள். 18 என்று வந்தால் அங்கிருந்து 14, 12 என்று வாரக்கணக்கில் இறங்குங்கள். தொடக்கத்தில் மனதுக்குள், விநாடிக் கணக்காக இல்லாமல் உங்களுக்கு வசதியான வேகத்தில், மூன்று எண்ணி உள்ளே, நாலு எண்ணி வெளியே, அவ்வளவுதான். அது சலிப்புத் தட்டும் அளவுக்கு எளிதான பிறகு நாலு உள்ளே, ஆறு வெளியே. நாற்காலியில் சாய்ந்தோ, முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்தோ செய்யலாம். ஒரு கையை விலாவின் கீழ்ப்பக்கம் வைத்தால் அங்கே லேசாக விரிவது தெரியும், வயிற்றை வேண்டுமென்றே உப்ப வைக்க வேண்டாம். வெளிமூச்சைக் கடைசிச் சொட்டு வரை பிழியவும் வேண்டாம், அது தானாகத் தளர்ந்து முடியட்டும். சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க நான் சொல்லும் ஒரே சோதனை, பயிற்சி முடிந்த பிறகு வரும் முதல் மூச்சு. அது ஆவென்று இழுத்துக்கொண்டு வந்தால், ஒரு மூச்சுக்கு நீங்கள் எண்ணும் நீளம் அதிகம், ஒன்றிரண்டு குறையுங்கள். லேசான காற்றுப் பசி இருக்கலாம், திணறல் கூடாது.

காலையில் ஐந்து நிமிடம், சாயங்காலம் ஐந்து நிமிடம் போதும். இதில் எல்லோரும் தவறவிடும் இடம் நேரம். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் மூச்சைத் தேடிப் போகிறார்கள், அப்போது அது வேலை செய்யவில்லை என்றதும் விட்டுவிடுகிறார்கள். பயந்துபோன நாயைப் பார்த்து "பயப்படாதே" என்று கத்தி அதைச் சமாதானப்படுத்த முடியாது. அமைதியாக இருக்கும் வேளையில் பழகினால்தான் அந்தப் பாதை உடம்புக்குப் பரிச்சயமாகும், பிறகு நெருக்கடியில் இரண்டு மூச்சிலேயே அது அடையாளம் கண்டுகொள்ளும்.

நெருக்கடிக்கென்று தனியாக ஒன்று வேண்டுமானால் இரட்டைப் பெருமூச்சு இருக்கிறது. மூக்கால் ஒரு மூச்சு, அது முடியும் இடத்தில் இன்னொரு சின்ன இழுப்பு, அப்புறம் வாய் வழியாக மெதுவாக நீண்ட வெளிமூச்சு. நாமே அறியாமல் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை பெருமூச்சு விடுகிறோம், நுரையீரலில் சுருங்கிப்போன காற்றறைகளைத் திறக்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அது. ஸ்டான்ஃபோர்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், தினமும் ஐந்து நிமிடம் வீதம் ஒரு மாதம் இந்தப் பெருமூச்சு முறையைச் செய்தவர்களுக்கு, மூச்சை வெறுமனே கவனிக்கும் தியானம் செய்தவர்களைவிட மனநிலை கூடுதலாக மேம்பட்டது. அதே ஆய்வில் பதற்றம் எல்லாக் குழுக்களிலும் குறைந்தது, தியானக் குழு உட்பட, எனவே இது மட்டுமே மந்திரம் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். தலைசுற்றல் உள்ள நீங்கள் ஒரு நேரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூச்சை அடக்கி வைக்கும் முறைகள் இப்போதைக்கு வேண்டாம். வேகவேகமாக ஊதி உடம்பை முறுக்கேற்றும் முறைகள் நிச்சயமாக வேண்டாம். அவை அட்ரினலினைக் கிளப்புகின்றன, அதுதான் உங்களிடம் ஏற்கெனவே மிச்சம் இருக்கிறதே. வலிப்பு, இதய நோய், கர்ப்பம் உள்ளவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது. தண்ணீரிலோ வண்டி ஓட்டும்போதோ யாருமே செய்யக் கூடாது. அப்படி வேகமாக மூச்சு விட்டுவிட்டு நீரில் மூழ்கி நினைவிழந்து இறந்துபோனவர்கள் இருக்கிறார்கள்.

சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பயம் ஏறும். அது குறை எதுவும் இல்லை, தளர்வே பதற்றத்தைக் கிளப்புவது நன்றாகத் தெரிந்த விஷயம், நெடுநாள் உஷாராக இருந்த உடம்புக்குக் காவலை இறக்குவதே ஆபத்தாகத் தோன்றும். அப்படியானால் மூச்சை மறந்துவிட்டு வேறு வாசல் வழியாகப் போங்கள். கண்ணைத் திறந்தபடியே வாய் மூடி ஹம்மிங் செய்யலாம், வெளிமூச்சு தானாக நீண்டுவிடும், எண்ணவே வேண்டாம். எட்மண்ட் ஜேக்கப்சன் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாக்கிய தசைத் தளர்வு முறை இன்றும் நன்றாக வேலை செய்கிறது. கைமுட்டி, தோள், முகம், கால் என்று ஒவ்வொன்றாகச் சில விநாடி இறுக்கி, விட்டு, அந்த வித்தியாசத்தைக் கவனிப்பது. உங்கள் தாடைக்கும் இதிலேயே விடை இருக்கிறது. சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்க வேண்டும், பற்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஒரு நாளில் எத்தனை தடவை கடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கவனித்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். ராத்திரியில் நறநறவென்று கடிப்பதாக யாராவது சொன்னால் பல் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

இனி, பிரச்சினை முடிந்தும் உடம்பு ஏன் இறங்கவில்லை என்பது. ஹான்ஸ் செல்யே 1936-இல் எலிகளை வைத்து, எந்த வகைத் தொல்லை கொடுத்தாலும் உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரி எதிர்வினை காட்டுகிறது என்று எழுதியதில் தொடங்கிய ஆராய்ச்சி இது. பிறகு புரூஸ் மெக்ஈவனும் எலியட் ஸ்டெல்லரும் 1993-இல், நம்மைக் காப்பாற்ற வந்த அழுத்த ஹார்மோன்களான கார்டிசாலும் அட்ரினலினும் ஓயாமல் சுரந்துகொண்டே இருந்தால் அதுவே ஒரு தேய்மானமாக உடம்பில் சேர்கிறது என்று விளக்கினார்கள். அந்தத் தேய்மானம் வரும் வழிகளில் ஒன்றாக மெக்ஈவன் பின்னால் குறிப்பிட்டது உங்கள் கதையேதான்: தொல்லை போன பிறகும் எதிர்வினை அணையாமல் நிற்பது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களின் உடம்பில் இது எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதற்கு 1995-இல் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு செய்த ஆய்வு ஒன்று உண்டு. மறதி நோயுள்ள உறவினரைப் பராமரித்த பெண்களுக்கு, தோலில் ஒரே அளவில் போட்ட சின்னக் காயம் ஆற, மற்றவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. எனவே "எல்லாம் முடிஞ்சிடுச்சே, இன்னும் என்ன" என்று உங்களையே அதட்டிக்கொள்ளாதீர்கள். உங்கள் மூளை இரண்டு வருடமாகப் போன் சத்தத்தைக் கெட்ட செய்தியோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. அந்த முடிச்சு அவிழ, போன் அடித்தும் கெட்டது எதுவும் நடக்காத அனுபவம் திரும்பத் திரும்ப வேண்டும். வேண்டுமானால் ரிங்டோனை மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் போன் அடிப்பதையே தவிர்க்காதீர்கள். அடித்ததும் பாயாமல் ஒரு வெளிமூச்சு முடியும் வரை விட்டு எடுங்கள்.

மூன்று மணி விழிப்பைப் பொறுத்தவரை, இரவின் பின்பாதியில் தூக்கம் எல்லோருக்குமே மெலிதாகிறது, விடியலை நோக்கிக் கார்டிசாலும் ஏறத் தொடங்குகிறது, தூண்டப்பட்ட நிலையில் உள்ள ஒருவர் அந்த இடத்தில் விழித்துக்கொள்வது இயல்பு. கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், போனையும்தான். படுத்தபடி நீண்ட வெளிமூச்சு விடலாம், ஆனால் தூங்குவதற்காக என்று நினைத்து விட்டால் "இன்னும் வரலையே" என்ற பரீட்சை தொடங்கிவிடும், சும்மா படுத்திருக்க ஒரு துணையாக விடுங்கள். அரை மணி போலத் தோன்றியும் வரவில்லை என்றால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டுத் தூக்கம் வரும்போது திரும்புங்கள். எவ்வளவு மோசமாகத் தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும், எழுந்த கையோடு வெளியே போய்ப் பகல் வெளிச்சத்தில் நில்லுங்கள். காபியில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும், மதியத்துக்குப் பிறகு வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் இப்படியே என்றால் மருத்துவ வழிகாட்டுதல்கள் முதலில் சொல்வது மாத்திரையை இல்லை, தூக்கமின்மைக்கென்றே உள்ள நடத்தை சிகிச்சையை.

நடங்கள். ஓடவோ பாரம் தூக்கவோ பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஓடவும் சண்டை போடவும் திரட்டிய சக்தியை நாற்காலியிலேயே உட்கார்ந்து கழித்த உடம்புக்கு நடை ஒரு வடிகால். நடக்கும்போது பேச முடிகிற வேகம் போதும்.

அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டது என்று சொல்லி விற்கும் மாத்திரைகளையும், வேகஸ் நரம்பை நிமிடத்தில் ரீசெட் செய்யும் கருவிகளையும் பார்த்திருப்பீர்கள். அட்ரினல் களைப்பு என்று ஒரு நோயை ஹார்மோன் மருத்துவம் ஏற்றுக்கொள்ளவே இல்லை. வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. அதாவது நீங்கள் எப்படி மூச்சு விடுகிறீர்கள், எப்படித் தூங்குகிறீர்கள், யாரோடு இருக்கும்போது தோள் இறங்குகிறது என்பதெல்லாம் நாள் முழுக்க மேலே போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு பொத்தானை அமுக்கி அதை மாற்ற முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் அரசு ஊழியர்களை வைத்து 1967-இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வுகளில், கீழ்ப்பதவியில் இருந்தவர்களுக்கே இதய நோய் அதிகம் என்று தெரிந்தது, பின்னால் தொடர்ந்த ஆய்வில் தன் வேலைமேல் தனக்குப் பிடி இல்லாததே அதற்கு ஒரு முக்கியக் காரணமாகத் தெரிந்தது. மூச்சு உங்கள் உடம்பைத் தணிக்கும், உங்கள் மேலதிகாரியைத் தணிக்காது. பழைய மாதிரியே சுமை திரும்பி வருகிறது என்று தெரிந்தால் எதை மறுப்பது, யாரிடம் பங்கு கேட்பது என்று இப்போதே யோசியுங்கள். சகித்துக்கொள்ளும் திறனைக் கூட்டுவதற்காக மட்டும் மூச்சைப் பயன்படுத்துபவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கும். பார்த்துக்கொண்ட நாட்களின் காட்சிகள் திடீர் திடீரென்று மனதில் பாய்ந்து வந்தால் அது பயிற்சியால் தீர்கிற விஷயம் இல்லை, மனநல ஆலோசகர் வேண்டும்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். நாடி இறங்குவது அந்த ஐந்து நிமிடத்திலேயே தெரியும். மனநிலையில் மாற்றம் பலருக்கு ஒரு மாதத்தில் தெரிகிறது. திடுக்கிடலும் அதிகாலை விழிப்பும் கடைசியாகத்தான் விலகும், மாதக்கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் நேர்க்கோட்டில் போகாது. ஒரு நல்ல வாரத்துக்குப் பிறகு மோசமான மூன்று நாள் வரும், அதனால் எல்லாம் வீணாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கையில் ஸ்மார்ட்வாட்ச் இருந்தால் இதயத்துடிப்பு ஏற்ற இறக்க எண்ணை (HRV) அடுத்தவரோடு ஒப்பிடாதீர்கள், வயதுக்கும் ஆளுக்கும் ஏற்ப அது மிகவும் மாறும். ஒரு ஜலதோஷமோ ஒரு மோசமான இரவோகூட அதைக் கவிழ்த்துவிடும். வாரச் சராசரி மெல்ல எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள். காலையில் அந்த எண்ணைப் பார்த்ததுமே தாடை இறுகுகிறது என்றால் ஒரு மாதம் வாட்ச்சைக் கழற்றி வைத்துவிடுங்கள்.